விளக்குமாற்றுக் கழியும் ஓர் அடுக்குப் பாவாடையும்



“உடுத்துகிற துணியைக் கொண்டுபோய் விளக்குமாற்றில் சுற்றுவார்களா? எந்த ஊர் வழக்கம் இது, டீச்சர்?”

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பாட்டி என்னிடம் கேட்ட கேள்வி இது. பேத்தி தான் தைத்த பாவாடையை வீட்டில் நனைத்துப் பிழிந்துவிட்டு, அதைச் சுற்றுவதற்கு விளக்குமாற்றுக் கழியைத் தேடியிருக்கிறாள். பாட்டிக்குப் பொறுக்கவில்லை. நம் வீடுகளில் விளக்குமாறு ஆள்மேல் படக்கூடாது. விளக்கு வைத்த பிறகு அதைக் கையில் எடுக்கக்கூடாது. வாசலில் நிமிர்த்தி வைக்கக்கூடாது. அப்படிப்பட்ட பொருளில் புதுத் துணியைச் சுற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது? மறு சனிக்கிழமை காலையில் பாட்டியே பள்ளிக்கு வந்துவிட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லப்போய் என் மனத்தில் எழுந்த எண்ணங்களையே இங்கே எழுதுகிறேன். நம் பள்ளிகளில் தையல் ஏன் மதிப்பிழந்து போனது, அதை ஏன் மீண்டும் மதிப்போடு உள்ளே அழைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்த ஊர் வழக்கம்?

ஆங்கிலத்தில் இதனைப் ‘புரூம்ஸ்டிக் ஸ்கர்ட்’ என்கிறார்கள். மூன்று அல்லது நான்கு அடுக்குகளாகத் தைக்கப்பட்ட அகன்ற பருத்திப் பாவாடை அது. துவைத்த பின் ஈரத்தோடு நீளவாக்கில் மடிப்புப் பிடித்து, ஒரு கழியைச் சுற்றி இறுகக் கட்டி உலர விடுவார்கள். அவிழ்த்தால் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் விழுந்திருக்கும். இதற்கு இஸ்திரிப் பெட்டி வேண்டியதில்லை.

இவ்வுடையின் வரலாறு அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியைச் சார்ந்தது. அங்கு வாழும் நவாஹோ மக்கள் தங்களைத் ‘தினே’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் பண்டு தங்கள் ஆட்டு மயிரில் தாங்களே நெய்த கம்பளி உடையையே அணிந்தார்கள். 1864ஆம் ஆண்டு அமெரிக்கப் படை அம்மக்களைத் தங்கள் நிலத்திலிருந்து பெயர்த்து, பல நூறு கிலோமீட்டர் நடக்க வைத்து, நியூ மெக்சிக்கோவின் போஸ்க் ரெடோண்டோ என்னும் இடத்தில் அடைத்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கு வாடினர், பலர் மாண்டனர். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே அவர்கள் ஊர் திரும்ப முடிந்தது. ஆடுகளை இழந்து நின்ற அக்காலத்தில்தான் அவர்களிடையே அங்காடிப் பருத்தித் துணியால் தைத்த அகன்ற பாவாடை பரவியது. பின்னாளில் அதனோடு வெல்வெட்டு மேற்சட்டையும் வெள்ளி இடைப்பட்டியும் நீலப்பச்சைக் கல் அணிகளும் சேர்ந்து, அதுவே அவர்களின் பெருமைக்குரிய உடையாயிற்று. இன்றும் விழாக்களில் அதனை உடுத்துகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில், 1940களிலும் 1950களிலும், அரிசோனா மாநிலத்துத் தையல் நிறுவனங்கள் இவ்வுடையின் சாயலில் அடுக்குப் பாவாடைகளைத் தைத்து நாடெங்கும் விற்றன. அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயரில் பூர்வகுடிப் பெண்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல் இருந்தது. அச்சொல் எவ்வளவு புண்படுத்துவது என்பதற்கு ஒரு சான்று: 2022ஆம் ஆண்டில் அமெரிக்க உள்துறை அச்சொல்லைத் தாங்கிய ஏறத்தாழ 650 மலை, ஓடை, பள்ளத்தாக்குப் பெயர்களை மாற்றியமைத்தது. அப்போது அத்துறையின் அமைச்சராக இருந்தவர் டெப் ஹாலண்ட். பூர்வகுடியினரில் முதன்முதலாக அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்றவர் அவரே.

‘கூலி’ என்ற சொல் நம் முன்னோர்மேல் எப்படி வீசப்பட்டது என்பது தோட்டத்தில் பிறந்த நமக்குத் தெரியும். ஆகவே இப்பாவாடையைத் தைக்கும் முன் இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஓர் ஆடையைக் கற்றுக்கொள்வதென்றால் அதை உடுத்தியவர்களின் கதையையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கொள்கை.

இன்னொரு செய்தி பிள்ளைகளை வியப்பில் ஆழ்த்தியது. இத்தகைய பாவாடைகள் தைக்கப்பட்ட ‘கலிக்கோ’ என்னும் பருத்தித் துணியின் பெயர் நம் கள்ளிக்கோட்டையிலிருந்து பிறந்தது! கேரளத்துக் கோழிக்கோட்டுத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போன துணிக்கு அவ்வூரின் பெயரையே வைத்துவிட்டார்கள். நவாஹோ பெண்ணின் பாவாடைக்கும் தென்னிந்தியத் தறிக்கும் இடையே இப்படி ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது.

மடிப்பு என்பது எல்லார்க்கும் சொந்தம்

துணியில் மடிப்பு வைத்து அழகு பார்ப்பது எந்த ஓர் இனத்தின் தனியுடைமையும் அன்று. எகிப்தின் தர்கான் கல்லறைப் பகுதியில் 1913இல் எடுக்கப்பட்ட ஓர் ஆளிநார் ஆடை இன்று இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பீட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் பழமையானது என்று கரிமக் கணிப்பு சொல்லும் அந்த ஆடையின் கைகளிலும் மேற்பகுதியிலும் நுண்ணிய மடிப்புகள் உள்ளன. வெனிஸ் நகரில் வாழ்ந்த மரியானோ ஃபார்ச்சுனி 1907ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ‘டெல்ஃபோஸ்’ பட்டு அங்கி மடிப்புக் குலையாமல் இருக்க, கயிறுபோல் முறுக்கிச் சுருட்டிப் பெட்டியில் வைக்கப்பட்டது.

அவ்வளவு தொலைவு ஏன் போக வேண்டும்? நம் சேலையின் கொசுவம், மலாய்க்காரரின் பாஜு கூரோங்கில் பக்கவாட்டில் விழும் மடிப்பு, சீனரின் பழைய ‘மாமியான்’ பாவாடையின் இருபுற மடிப்பு ஆகிய மூன்றும் நம் நாட்டு விழாக்களில் நாம் காண்பவைதாமே! இம்மூன்றையும் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது, “டீச்சர், எல்லாரும் ஒரே வேலையைத்தான் வேறு வேறு மாதிரி செய்கிறார்கள்” என்றான் ஒரு மாணவன். ஒற்றுமையைப் பற்றி நான் ஒரு வாரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

ஏன் இந்தப் பாவாடை?

கைவினைக் கழகத்தில் பதினாறு பிள்ளைகள்: பதினொரு பெண்கள், ஐந்து ஆண்கள். ஆறு சனிக்கிழமைகள். இரண்டே தையல் இயந்திரங்கள். முதன்முறையாகத் தைப்பவர்களுக்குச் சட்டையோ ரவிக்கையோ பொருந்தாது. கழுத்து வளைவும் கைக்குழியும் பெரியவர்களையே திணறடிக்கும். இப்பாவாடையில் வளைவே இல்லை. எல்லாம் நீள்சதுரத் துண்டுகள். அளவுநாடாவும் கத்தரிக்கோலும் பெருக்கல் வாய்ப்பாடும் தெரிந்தால் போதும்.

கணக்கைப் பாருங்கள். இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவு 72 சென்டிமீட்டர் உள்ள ஒரு பிள்ளைக்குத் தைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அடுக்கும் அதற்கு மேலுள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு அகலம். ஆகவே முதல் அடுக்கு 108, இரண்டாவது 162, மூன்றாவது 243 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் துணி இரண்டு சென்டிமீட்டராகச் சுருங்க வேண்டும் என்பதே சுருக்கு வைக்கும் விதி. மூன்றின் கீழ் இரண்டு என்ற பின்னத்தை வெண்பலகையில் பார்த்துக் குழம்பிய பிள்ளை, அதைத் தன் விரல்களுக்கிடையில் நூலை இழுத்துச் சுருக்கிப் பார்த்தபோது சிரித்தாள்.

பாவாடையின் நீளம் 66 சென்டிமீட்டர் என்றால் அடுக்குக்கு 22. தையலுக்கும் இடுப்பு மடிப்புக்கும் கீழோரத்துக்கும் சேர்த்து முதல் அடுக்கை 27.5, இரண்டாவதை 25, மூன்றாவதை 26 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். துணியின் அகலம் 115 சென்டிமீட்டர். முதல் அடுக்குக்கு ஒரு துண்டு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. ஒவ்வொரு துண்டுக்கும் துணியின் முழு அகலத்திலிருந்து ஒரு பட்டை வெட்டினால் 27.5, 50, 78. ஆக மொத்தம் 155.5 சென்டிமீட்டர் துணி வேண்டும். இதுதான் நான் போட்டு வைத்திருந்த கணக்கு.

கணிதத்தில் எப்போதும் பின்வரிசையில் நிற்கும் ஒரு மாணவன் கையை உயர்த்தினான். “டீச்சர், இரண்டாம் அடுக்கையும் 26ஆகவே வெட்டுவோம். ஒரு சென்டிமீட்டரைத் தையலுக்குள் மடித்துவிடலாம். அப்போது இரண்டாம் அடுக்குக்கு ஒரு முழுப் பட்டையும் 53 சென்டிமீட்டர் துண்டும், மூன்றாம் அடுக்குக்கு இரண்டு முழுப் பட்டையும் 22 சென்டிமீட்டர் துண்டும் போதும். அந்த இரண்டு சிறிய துண்டுகளையும் ஒரே பட்டையில் வெட்டிவிடலாமே!” என்றான்.

சரிபார்த்தேன். ஓரங்களில் இருபுறமும் ஒன்றரைச் சென்டிமீட்டர் தையலுக்குக் கழித்தாலும் அகலம் சரியாகவே வருகிறது. ஐந்து பட்டைகளுக்குப் பதில் நான்கு. மொத்தத் துணி 131.5 சென்டிமீட்டர். ஒரு பாவாடைக்கு 24 சென்டிமீட்டர் மிச்சம்! பதினாறும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால் 3.84 மீட்டர். அதில் இன்னும் இரண்டு பாவாடைகள் தைக்கலாம். மூன்றாவதற்குப் பத்தரைச் சென்டிமீட்டர்தான் குறையும்.

அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பயிற்றியில் சிவப்புக் கோடுகளையே கண்டு பழகிய பிள்ளை, ஆசிரியர் போட்ட கணக்கைத் திருத்தியிருக்கிறான். அவனுக்குக் கணக்கு வராது என்று நாங்கள் ஐந்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றோ துணியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைவிட நன்றாகக் கணக்கிட்டான். இதை எண்ணி நான் வெட்கப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நீர் செய்யும் வேலை

தைத்து முடித்த பின் அறிவியல் தொடங்குகிறது. பருத்தி நூல் செல்லுலோசு என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அச்சங்கிலிகளை ஹைட்ரசன் பிணைப்புகள் ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கின்றன. நீர் உட்புகும்போது அப்பிணைப்புகள் தளர்கின்றன. இழை வளைந்து கொடுக்கிறது. மடித்த நிலையிலேயே நீர் வெளியேறினால், அந்த வளைந்த நிலையிலேயே புதிய பிணைப்புகள் உருவாகின்றன. அதனால் மடிப்பு நிற்கிறது. மீண்டும் துவைத்தால் மடிப்புப் போய்விடும். மறுபடியும் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் துணிக்கு இந்த முறை உதவாது; அது நீரைக் குடிப்பதில்லை. அதற்கு வெப்பத்தால்தான் நிலையான மடிப்பு வைக்க முடியும். ஒரே கழியில் ஒரு பருத்தித் துண்டையும் ஒரு பாலியெஸ்டர் துண்டையும் கட்டி உலர்த்திப் பார்த்தால் ஆய்வுக்கூடம் இல்லாமலே ஒரு சோதனை முடிந்துவிடும்.

செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள்:

1. துணியை வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை துவைத்து உலர்த்துங்கள். பருத்தி சுருங்கும், தைத்த பின் சுருங்கினால் உழைப்பு வீண். பாத்தேக் துணியாக இருந்தால் சாயம் கழல்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

2. சுருக்கு வைக்க, ஓரத்தில் இணையாக இரண்டு வரிசை நீண்ட ஓட்டுத் தையல் போடுங்கள். மேலடுக்கையும் கீழடுக்கையும் நான்கு சமபாகங்களாகக் குறியிட்டு, குறிகளைக் குண்டூசியால் சேர்த்த பிறகே நூலை இழுக்க வேண்டும். இல்லையேல் சுருக்கு ஒரு பக்கம் குவியும்.

3. மடிப்புப் பிடிக்க இருவர் வேண்டும். ஒருவர் இடுப்பையும் ஒருவர் கீழோரத்தையும் பிடித்து, சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல் நீளவாக்கில் மடித்து இழுக்க வேண்டும். பின்னர் கழியைச் சுற்றி வைத்து, ஒரு சாணுக்கு ஒரு கட்டாகத் துணிக் கீற்றுகளால் கட்டுங்கள்.

4. ரேயான் துணி ஈரத்தில் வலுவிழக்கும்; அதை முரட்டுத்தனமாக முறுக்காதீர்கள்.

5. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. ஒரே நாளில் உலராது. மின்விசிறியின் முன் நிறுத்தி, உட்புறம்வரை உலர்ந்ததா என்று பார்த்த பின்பே அவிழ்க்க வேண்டும். பொறுமை இழந்தால் மடிப்பும் நிற்காது, பூஞ்சை நாற்றமும் வந்துவிடும்.

“எங்கள் பிள்ளைக்கு ஊசி எதற்கு?”

இனி என் மனத்தை வருத்திய செய்திக்கு வருகிறேன்.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு தந்தை வந்தார். நல்லவர், பிள்ளையின் படிப்பில் அக்கறை உள்ளவர். “டீச்சர், என் அம்மா ஐந்து மணிக்கு எழுந்து பால்வெட்டப் போனவர். நான் இரவுப் பணி செய்து படித்தேன். இந்தக் கைவேலைகளிலிருந்து வெளியே வரத்தான் நாங்கள் பாடுபட்டோம். என் மகன் கையில் மறுபடியும் ஊசியைக் கொடுக்கிறீர்களே!” என்றார்.

அவர் சொன்னதை நான் எளிதாக ஒதுக்கிவிட விரும்பவில்லை. நம் சமுதாயத்தின் வலி அதில் இருக்கிறது. உடலுழைப்பு நமக்குத் தேர்வாக வந்ததில்லை, விதிக்கப்பட்டதாக வந்தது. அதனால் பட்டம், மேசை, குளிர்சாதன அறை ஆகியவற்றையே விடுதலை என்று நாம் எண்ணிக்கொண்டோம். அதில் தவறில்லை.

ஆயினும் அவரிடம் நான் சொன்னது இதுதான்: கட்டாயத்தால் செய்யும் வேலை வேறு, தெரிந்துகொண்டு செய்யும் வேலை வேறு. அறுவை மருத்துவரும் ஊசி பிடித்துத்தான் தைக்கிறார். பொறியாளரும் அளந்துதான் வெட்டுகிறார். கைக்கும் மூளைக்கும் இடையே சுவர் எழுப்பிவிட்டால் பிள்ளைக்கு இரண்டுமே குறைந்துபோகும். 2021ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டபோது, இனிப் பிள்ளைகள் மதிப்பெண் சுமையின்றிக் கற்கலாம் என்று மகிழ்ந்தோம். அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்பினோம்? பல வீடுகளில் இன்னொரு துணைப்பாட வகுப்பைக் கொண்டுதானே நிரப்பினோம்!

‘வாழ்வியல் திறன்’ என்று ஒரு காலத்திலும், பின்னர் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்றும் பெயர் பெற்ற பாடம் நம் பள்ளிகளில் எப்படி நடத்தப்படுகிறது என்று நம் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்ப்போம். நேரம் போதாதபோது முதலில் பறிக்கப்படும் பாடவேளை எது? கணிதத்துக்கும் மொழிக்கும் கடன் கொடுக்கப்படும் பாடம் எது? நானும் அப்படிக் கடன் வாங்கியவள்தான். திருப்பிக் கொடுத்ததில்லை.

ஆண்பிள்ளைகள் தைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நம் கடைத்தெருவில் அளவெடுத்துத் தைக்கும் தையற்கடைகளில் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் ஆண்கள்தாமே! கூலிக்குத் தைத்தால் தொழில், வீட்டில் தைத்தால் பெண் வேலை என்பது எந்த ஊர் நியாயம்? எங்கள் கழகத்து ஐந்து பையன்களும் தங்கள் அக்காவுக்கோ அம்மாவுக்கோ தைத்தார்கள். பரிசு கொடுத்த அன்று அவர்கள் நடந்த நடையில் குறைச்சல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மறைத்து வைத்த அம்மா

கழகத்தில் ஒரு பெண். மற்றவர்கள் நூலைக் கோக்கவே தடுமாறியபோது, அவள் இயந்திரத்தில் நூல் மாட்டும் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தாள். “யார் கற்றுக்கொடுத்தார்கள்?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். நான்காவது வாரம்தான் சொன்னாள்: அவளுடைய அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் குடும்பத்தை நடத்துகிறார். பள்ளிப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் அவள் ‘இல்லத்தரசி’ என்றே எழுதி வந்திருக்கிறாள்.

அந்த அம்மாவை ஐந்தாவது வாரம் அழைத்தேன். தயங்கியபடி வந்தார். வகுப்பில் நின்று, சுருக்கு ஒரு பக்கம் குவிந்து போன பாவாடைகளை ஒவ்வொன்றாக வாங்கி, நூலைத் தளர்த்தி, விரலால் நீவிச் சரிசெய்தார். பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். நான் ‘டீச்சர்’ என்றே அவரை அழைத்தேன், பிள்ளைகளும் அழைத்தார்கள். அன்று அந்தப் பெண் தலையைக் குனியவில்லை.

பெற்றோரே, நம் வீடுகளில் இருக்கும் அறிவை நம் பிள்ளைகள் அறிவென்று மதிக்க வேண்டுமானால், முதலில் பள்ளி அதை மதிக்க வேண்டும். தையற்காரரும் பூக்கட்டுபவரும் சமையற்காரரும் ஒரு முறையேனும் வகுப்பறையில் ஆசிரியர் நிற்கும் இடத்தில் நிற்கட்டும். அதற்கு எந்த மானியமும் தேவையில்லை.

மலிவு விலையின் மறுபக்கம்

“கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே” என்பது இன்னொரு மறுப்பு. கிடைக்கிறதுதான். ஆனால் ஒரு பாவாடைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைத் தைத்துப் பார்த்த பிள்ளை, அவ்வளவு மலிவாக அது எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கத் தொடங்குகிறது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் வங்காளதேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் உலகக் கடைகளுக்கு ஆடை தைத்த தொழிலாளர்கள். முந்திய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் அவர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். இதைச் சொன்னபோது வகுப்பே அமைதியாயிற்று. தன் விரலில் ஊசி குத்திய பிள்ளைக்குத்தான் அந்தச் செய்தி செய்தியாக மட்டும் நிற்பதில்லை.

உடுத்தும் முறை

தைத்ததை எப்படி உடுத்துவது? பாவாடை அகன்றது, ஆகவே மேற்சட்டை உடலோடு பொருந்தியதாகவும் இடுப்பளவில் முடிவதாகவும் இருந்தால் நல்லது. முழங்கால்வரை தொங்கும் நீண்ட குர்த்தாவைப் போட்டால் அடுக்குகள் மறைந்து, உடல் பருத்ததுபோல் தோன்றும். பாவாடை பூப்போட்டதாக இருந்தால் சட்டை ஒரே நிறமாக இருக்கட்டும். உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு மூன்று அடுக்கே போதும். அடுக்குகள் கூடக்கூட உயரம் குறைவாகத் தெரியும். இடுப்பில் ஒரு துணிப்பட்டி கட்டினால் எடுப்பாக இருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மாறுவேடப் போட்டிக்காகத் தலையில் இறகு செருகி, முகத்தில் வண்ணம் தீட்டி, ‘செவ்விந்தியப் பெண்’ என்று மேடையேற்றாதீர்கள். ஓர் இனத்தாரிடமிருந்து தையல் முறையைக் கற்பது மரியாதை. அவர்களையே வேடிக்கைப் பொருளாக்குவது மரியாதையன்று. யாரேனும் நம் பாட்டியரைப்போல் கண்டாங்கி கட்டி, பால்வாளி தூக்கி, சிரிப்பு மூட்டினால் நமக்கு எப்படியிருக்கும்?

முடிவாக...

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. ஆண்டுக்கு ஓர் ஆடை. அவ்வளவே. ஒவ்வொரு பிள்ளையும் ஆறாம் ஆண்டை முடிப்பதற்குள் தன் கையால் அளந்து, வெட்டி, தைத்த ஓர் ஆடையோடு பள்ளியை விட்டுப் போகட்டும். பெற்றோரிடம் என் வேண்டுகோள்: பிள்ளை கோணலாகத் தைத்துக் கொண்டுவரும்போது சிரிக்காதீர்கள். ஒருமுறை அதை உடுத்திக்கொண்டு கடைக்குப் போக விடுங்கள். பரிசளிப்பு விழாவுக்கு வாடகை உடை எடுக்கும் செலவில் பாதியைத் துணிக்கும் நூலுக்கும் ஒதுக்குங்கள்.

ஆமாம், அந்தப் பாட்டிக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். அவரிடம் இக்கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “எல்லாம் சரி. ஆனால் விளக்குமாறு விளக்குமாறுதான்” என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. வன்பொருள் கடையில் நீர்க்குழாய்க்கு விற்கும் நெகிழிக் குழாயை வாங்கி, ஆளுக்கு ஒரு மீட்டராக அறுத்துக் கொடுத்தோம். உண்மையில் அதுவே மேலானது. மரக்கழியின் சாயமும் ஆணித் துருவும் துணியில் படியும் தொல்லை அதில் இல்லை. பாட்டி சொன்னதால் கிடைத்த திருத்தம் அது.

பிறகு அவரே உட்கார்ந்துவிட்டார். ஈரப் பாவாடையின் ஒரு முனையைப் பேத்தி பிடித்துக்கொள்ள, மறுமுனையில் அவர் விரல்கள் கொசுவம் வைக்கத் தொடங்கின. அறுபது ஆண்டுகள் சேலை கட்டிய விரல்கள் அவை. பதினாறு பாவாடைகளில் மடிப்பு மிக நேராக விழுந்தது அந்த ஒன்றில்தான்.

அன்புடன்,
உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை